வெறும் தண்ணி போட்டீங்களா?

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது மரியாதையும் இல்லை, கண்ணீரும் இல்லை. எரிச்சல்தான். காலமான ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு எரிச்சலில் தொடங்குவது முறையில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் மனிதர் என்னைப் படுத்திய பாட்டுக்கு வேறு எப்படித் தொடங்குவது?

நாங்கள் இருவரும் திருவண்ணாமலையில், வேங்கிக்காலுக்கு அப்பால் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தோம். நான் வேதியியல், அவர் இயற்பியல். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். கடைசிவரை அது மாறவில்லை. ஒரே ஆய்வுக்கூடத்தை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டு, புற்றுநோய்க் கட்டியை வெளிச்சத்தால் சூடாக்கி அழிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவரைக் கொண்டுபோனதும் அதே நோய்தான். எங்கள் வேலையைப் போன்ற ஒரு வெளிச்சம் அவருக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. அது அவர்மேல் படாமல் போனதற்கு அவரும் ஒரு காரணம். என் எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது, இன்னும் தணிந்தபாடில்லை.

ஆள் நெட்டையாக, கொஞ்சம் கூனலாக இருப்பார். அரைக்கைச் சட்டை, பையில் கசிகிற பேனா, நெற்றியில் அவர் மனைவி காலையில் வைத்துவிட்ட திருநீறு. யாராவது எதையாவது உறுதியாகச் சொன்னால் இடது புருவம் மட்டும் மெல்ல மேலே ஏறும். அடுத்து என்ன வரும் என்று கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும்.

"வெறும் தண்ணி போட்டீங்களா?"

சோதனைக் கூடத்தில் இது நியாயமான கேள்வி. சாயம் கலந்த தண்ணீரில் வெளிச்சம் அடித்து, சூடானது என்று சொல்கிறாயா? அதே வெளிச்சத்தைச் சாயமே இல்லாத வெறும் தண்ணீரிலும் அடித்துப் பார். அதுவும் சூடானால் உன் சாயம் ஒன்றும் கிழிக்கவில்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருகிற பாடம்தான். மற்றவர்களெல்லாம் இந்தப் பாடத்தை ஆய்வுக்கூடத்து வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அவர் மட்டும் அதைப் போட்டுக்கொண்டே தெருவில் நடந்தார்.

அலுவலகக் கண்காணிப்பாளர் ஒரு நாள் டீக்கடையில் பூரிப்போடு சொன்னார், பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றியதால் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று. எல்லாரும் கைகொடுத்தார்கள். இவர் புருவம் ஏறியது. "ரொம்ப சந்தோஷம் சார். பையன்கூடப் படிச்சவங்கள்ல வேற யாருக்கெல்லாம் வேலை கெடைச்சுது? அவங்க அப்பாங்கள்லாம் சுத்துனாங்களா?" என்றார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் இன்னும் மோசம். அதன்பிறகு அவருடைய விடுப்புக் கடிதங்கள் அலுவலகத்தில் காணாமல் போக ஆரம்பித்தன. ஏன் என்று கடைசிவரை அவருக்குப் புரியவே இல்லை.

என் அம்மாவிடம் மட்டும்தான் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். எங்கள் வீடு ஊருக்குள், தேரடிப் பக்கம். தாத்தா காலத்திலிருந்து பூட்டு, கீல், ஆணி விற்கிற கடை. எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அம்மா துவா ஓதி ஊதின தண்ணீர் கொடுப்பாள். தம்பிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அவர் பார்க்க வந்த அன்று, அம்மா டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். இதைக் குடித்தால் நாளைக்கு எழுந்து நடப்பான் என்றாள். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். பயனில்லை.

"ஓதாத தண்ணி குடுத்துப் பாத்திருக்கீங்களாம்மா?" என்றார்.

அம்மா டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை. "அது உங்க வீட்ல குடுப்பாங்கல்ல தம்பி. அங்க எத்தினி நாள்ல எறங்குதுன்னு வந்து சொல்லுங்க. பாத்துக்கலாம்" என்றாள்.

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. வாசல்படி இறங்கும்வரை சிரித்துக்கொண்டே போனார். "இந்த ஊர்லயே எனக்குச் சரியா பதில் சொன்னது உங்க அம்மாதான் மேடம்" என்று அப்புறம் எத்தனை முறை சொன்னார் என்று கணக்கில்லை. அம்மாவும் அன்றிலிருந்து அவருக்கென்று எதையாவது கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள். ஆய்வுக்கூடத்தில் நான் படுகிற பாடு அவளுக்குத் தெரியாது.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் செய்தது ஒரு கரிமச் சாயம். துணிக்குப் போடுகிற சாயத்துக்குத் தூரத்து உறவு, கரும்பச்சையாக இருக்கும். அதைக் கண்ணுக்குத் தெரியாத நுண் உருண்டைகளாக்கி, மேலே மெல்லிய கொழுப்புப் பூச்சு கொடுப்பேன். ரத்தத்தில் விட்டால் அந்த உருண்டைகள் மற்ற இடங்களைவிடக் கட்டிக்குள் கொஞ்சம் ஜாஸ்தியாகத் தங்கும் என்பது எதிர்பார்ப்பு. பிறகு வெளியிலிருந்து லேசர் அடிக்கவேண்டும். சிவப்புக்கும் அப்பால் உள்ள வெளிச்சம் அது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சதைக்குள் கொஞ்ச ஆழம் போகும். சாயம் அதைக் குடித்துச் சூடாகும். அந்தச் சூட்டில் கட்டி வேகும், பக்கத்துச் சதை தப்பிக்கும். "மத்தியானம் பெரிய கோயில் பிராகாரத்துல செருப்பில்லாம நடந்திருக்கீங்களா?" என்று அவர் மாணவர்களிடம் கேட்பார். "வெயில் ஒண்ணுதான். கருங்கல் சுடும், வெள்ளை அடிச்ச பட்டை சுடாது. நாம கட்டிக்கு மட்டும் கறுப்பு அடிக்கிறோம், அவ்வளவுதான்."

இந்தச் சாயத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெளிச்சத்துக்கென்றே செய்த சாயம், வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும். அதனால் எல்லாக் குப்பிகளையும் அலுமினியத் தாளில் சுற்றித்தான் வைப்போம். முதல்முறை உள்ளே வந்த எங்கள் முதல்வர், "இன்னா மேடம், பிரியாணிப் பார்சலா?" என்று கேட்டார். ஆனால் அந்தப் பார்சலில் ஒன்று ஒரு நாள் ஐம்பது டிகிரியைத் தாண்டிச் சூடானது என்று கேட்டதும் அவரே ஓடிவந்து நின்றார்.

அந்த ஐம்பது டிகிரிதான் என் முனைவர் பட்ட ஆய்வின் உயிர். பகுதிநேரமாக, வீட்டு வேலை, வகுப்பு வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு வந்த ஆய்வு. முதல்வர் பத்திரிகைக்காரர்களை வரச் சொல்லிவிட்டார். வாசலில் பேனர்கூடக் கட்டியாயிற்று. அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் இவர் உள்ளே வந்து என் குழாயைப் பார்த்தார். புருவம் ஏறியது.

"வெறும் தண்ணி போட்டீங்களா மேடம்?"

"போன வருஷமே போட்டாச்சு சார். சூடாகல. நீங்களும்தான் பக்கத்துல நின்னீங்க."

"அப்ப வேற தெர்மாமீட்டர் இல்ல?"

ஆமாம், வேறுதான். எங்கள் தெர்மாமீட்டர் ஒரு கம்பி, தண்ணீரில் இறக்கினால் சூட்டை எண்ணாகக் காட்டும். பழைய மெல்லிய கம்பி அறுந்துபோய், கறுப்பு உறை போட்ட தடித்த கம்பி ஒன்று புதிதாக வந்திருந்தது. சாயத்தைப் புதுக் கம்பியால் அளந்தேன். தண்ணீருக்குப் பழைய கம்பியின் அளவே இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அவர் ஒரு குழாயில் வெறும் தண்ணீர் ஊற்றி, புதுக் கம்பியை இறக்கி, லேசரைப் போட்டார். எண் ஏறியது. எங்கள் இரண்டு பேர் கண்ணெதிரில், சாயம் ஒரு துளிகூட இல்லாத தண்ணீர், கிட்டத்தட்ட என் சாயம் ஏறிய அளவுக்கு ஏறியது.

வெளிச்சத்தின் வழியிலேயே கம்பி நின்றிருந்தது. தண்ணீர் சூடாகவில்லை, கம்பிதான் சூடாகித் தன் சூட்டைத் தானே அளந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாக இருந்திருந்தால் கம்பி மின்னுவதைப் பார்த்து ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும். தெரியாத வெளிச்சத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற முட்டாள்தனம் அது. கம்பியை ஒதுக்கி வைத்து மறுபடி அளந்தோம். சாயம் சூடானது உண்மைதான். ஆனால் ஐம்பது இல்லை. நாற்பதைத் தாண்டவே திணறியது. கட்டி வேக அது போதாது.

நான் அழவில்லை. அவர்மேல் கெமிக்கல் பாட்டிலை எறியலாமா என்றுதான் யோசித்தேன். "நாளைக்கு ஒருநாள் போகட்டும் சார். கூட்டம் முடிஞ்சதும் நானே திருத்திடறேன்" என்றேன். அவர் குழாயைக் கழுவிக்கொண்டே, "நாளைக்கு வர்றவங்ககிட்ட இன்னா சொல்றது?" என்றார்.

மறுநாள் அவரே எழுந்து சொன்னார். எங்கள் அளவு தப்பு, திருத்திக்கொண்டிருக்கிறோம், இதுவரை குழாயில்தான் பார்த்திருக்கிறோம், எலிக்குக்கூடப் போட்டதில்லை, மனிதர்களுக்கு இது மருந்து இல்லை என்றார். முதல்வர் முகம் சுண்டிப்போயிற்று. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒரு பத்திரிகைக்காரர் அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார். மறுநாள் எங்கள் இரண்டு பேர் படமும் வந்தது. புற்றுநோயை வெளிச்சத்தால் குணப்படுத்தும் திருவண்ணாமலை பேராசிரியர்கள் என்று.

அதற்கு அடுத்த நாளிலிருந்து கல்லூரி வாசலில் ஆட்கள். ஸ்கேன் உறையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, பஸ் மாறி மாறி வந்தவர்கள். காவலாளி திருப்பி அனுப்பப் பார்த்தார். இவர் விடவில்லை. ஒவ்வொருவரையும் மரத்தடியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஸ்கேனை முழுக்கப் பார்த்து, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நான் பக்கத்தில் நின்றேன். செங்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரை மட்டும் என்னால் மறக்கமுடியவில்லை.

"எங்க பொண்ணுக்கு நாக்குக்கு அடில கீது சார். ரெண்டு கொழந்தைங்க அதுக்கு. இந்த வெளக்கு வெச்சா சரியாப்பூடுமா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பஸ்ஸேறிப் போயி அதுங்கிட்ட சொல்லிடறேன்."

"தெரியலைங்க ஐயா" என்றார் இவர்.

"எப்பதான் தெரியும்?"

"ஆளுங்களுக்குப் போட்டுப் பாத்தாத்தான் தெரியும். பாதிப் பேருக்குப் போட்டு, பாதிப் பேருக்குப் போடாம விட்டு, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்."

பெரியவர் இவர் கையிலிருந்த ஸ்கேனைப் பார்த்தார். "போடாத பாதில எம்பொண்ணு வந்துட்டா?"

இவர் வாயைத் திறந்தார், மூடினார். அவரிடம் பதில் இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பெரியவர் ஸ்கேனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். "ஆமான்னு சொல்லியிருந்தா இன்னா சார் கொறஞ்சு போயிருக்கும்? பாவம், ஒரு ராத்திரியாவது நிம்மதியா தூங்கியிருப்பார்" என்று நான் சண்டை பிடித்தேன். அவர் அந்தப் பெரியவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "மறுநாள் காலைல எழுந்திருக்கணும்ல" என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

என் பட்டம் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போனது. சாயத்தைத் திரும்ப முதலிலிருந்து செய்தேன். மூலக்கூறில் கொஞ்சம் மாற்றி, பூச்சை மாற்றி, வெளுத்துப்போகாமல் நிற்கவைத்து, ஒழுங்காக அளந்து, நாற்பத்தெட்டு வரை ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீர் போட்டேன், அவர் கேட்பதற்கு முன்பே. அந்த வீம்புக்காகவே போட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். பட்டம் வாங்கிய அன்று அவர் எனக்கு ஒரு மெல்லிய தெர்மாமீட்டர் கம்பியைப் பட்டுத்துணிப் பெட்டியில் வைத்துப் பரிசாகக் கொடுத்தார். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

அவருக்கு வந்தது கன்னத்தின் உள்பக்கம். வெற்றிலை கிடையாது, புகையிலை கிடையாது. உடைந்த பல் ஒன்று குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பல் குத்துகிற புண்தான் என்று மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். ஊரில் எல்லாரையும் கேள்வி கேட்டவர், தன் வாய்க்குள் இருந்ததை ஒரு கேள்வி கேட்கவில்லை. பல்லைப் பிடுங்கியும் புண் ஆறாதபோதுதான் டாக்டரிடம் போனார். இதைச் சொல்லி நான் கத்தியபோது, "ஆமா மேடம், பல்லை எடுத்துட்டுப் பாத்திருக்கணும் மொதல்லயே" என்றார், ஏதோ மாணவன் செய்த தப்பைத் திருத்துகிற மாதிரி.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பம், அவர்கள் வீடும் அங்கேதான். நோய் என்று தெரிந்த மாதத்திலிருந்து அக்கா பௌர்ணமிதோறும் மலையைச் சுற்ற ஆரம்பித்தார். இவரும் கோயிலிலிருந்து கூடவே பாதி தூரம் நடந்துவிட்டு, வழியில் வீட்டு வாசல் வந்ததும் நின்றுகொள்வார். ஒரு முறை நானும் இருந்தேன். "ஒரு மாசம் சுத்தாம விட்டுப் பாக்கலாமா?" என்று அக்காவிடம் கேட்டார், அந்த நிலையிலும். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே, "நீங்க உங்க வேலையப் பாருங்க. இதுல கைய வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க நாங்கள் மூன்று பேரும் வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அப்போதுதான் ஒரு சோதனை தொடங்கியிருந்தது. வாய்க்குள் வருகிற கட்டிக்கு, அறுவைக்கு முன்னால் சாயம் ஏற்றி, வெளிச்சம் அடித்துச் சுருக்குவது. சாயம் என்னுடையது இல்லை. வேறு யாரோ செய்தது, ஆனால் என் சாயத்துக்குத் தங்கை மாதிரி. அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. டாக்டருக்கு எங்கள் வேலை தெரியும். அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, சோதனைக்குள் சேரலாம். வெளிச்சம் யாருக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் யாருக்கு என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். இன்னொன்று, சோதனைக்குள் வராமல், தனியாக அனுமதி வாங்கி, அவருக்கு வெளிச்சத்தைக் கொடுத்துவிடுவது. "அனுமதி கெடைச்சுடும்னுதான் நெனைக்கிறேன். உங்களுக்காக நான் முயற்சி பண்றேன்" என்றார்.

அக்கா என் கையைப் பிடித்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அவர் புருவம் ஏறியது. "தனியா குடுத்தா என் ரிசல்ட் உங்க கணக்குல சேருமா டாக்டர்?"

"சேராது."

"அப்ப குலுக்கல்லயே போடுங்க."

கம்ப்யூட்டர் அவரை வெளிச்சம் இல்லாத பக்கம் போட்டது. அறுவை, கதிர்வீச்சு, மருந்து எல்லாம் ஒழுங்காகக் கொடுப்பார்கள், குறை வைக்கமாட்டார்கள். வெளிச்சம் மட்டும் கிடையாது. அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் சாரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இப்பவும் வெலகலாம் சார். வெலகிட்டு அந்த அனுமதியக் கேளுங்க. இத்தனை வருஷம் நாம எதுக்கு ஒழைச்சோம்? யாரோ வெறும் தண்ணியா இருந்துட்டுப் போகட்டும், அது நீங்களா இருக்கணும்னு இன்னா தலையெழுத்து?"

"வேற யாரு இருக்கணும் மேடம்?"

"யாராவது."

"பேர் சொல்லுங்க." கோபமே இல்லாமல் கேட்டார், கண்காணிப்பாளரிடம் கேட்ட மாதிரியே. "அந்தச் செங்கத்துப் பெரியவரோட பொண்ணு இருக்கட்டுமா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இந்த மனிதரிடம் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை, ஜெயித்தே ஆகவேண்டிய அன்றும் ஜெயிக்கவில்லை. திரும்பி வருகிற காரில் நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். அவர் ஜன்னல் வழியாகத் தூரத்தில் மலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

அறுவைக்குப் பிறகு பேச்சு குழறிவிட்டது. நான் போகும்போதெல்லாம் அம்மா ஓதின தண்ணீரை பாட்டிலில் கொடுத்தனுப்புவாள். முதல்முறை கொண்டுபோன அன்று அவர் கேள்வி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அக்கா ஸ்பூனில் கொடுக்கக் கொடுக்கப் பேசாமல் விழுங்கினார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அவர் இனி பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லி நான் நம்பவில்லை, இதைப் பார்த்து நம்பிவிட்டேன். பாட்டில் காலியானதும் கையை அசைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டார். "அம்மாகிட்ட சொல்லுங்க" என்றார், ஒவ்வொரு வார்த்தையாக. "எங்க வீட்டுத் தண்ணிய விட ருசி ஜாஸ்தி." இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. சிரித்தேன். அவருக்குச் சிரிக்க வாய் ஒத்துழைக்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு அக்கா சுற்றப் போகவில்லை.

அந்தச் சோதனையின் முடிவு சமீபத்தில்தான் வந்தது. டாக்டரே போன் செய்து சொன்னார். வெளிச்சம் பட்டவர்கள் படாதவர்களைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்கிறார்கள். எல்லாரும் இல்லை. அதிசயம் என்று சொல்லமுடியாது, ஆனால் நிஜமான வித்தியாசம். "சார் மாதிரி ஆளுங்க இருந்ததாலதான் இதை அடிச்சுச் சொல்ல முடியுது" என்றார். எங்கள் வேலை வீண் இல்லை என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்தது. வந்த அதே வேகத்தில் எரிச்சலும் வந்தது.

அக்காவிடம் நேரில் சொல்லவேண்டும் என்று அடி அண்ணாமலைக்குப் போனேன். வாசலில் மல்லாட்டையைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். வேர்க்கடலையைக் கைகளால் பரப்பிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப அந்த வெளிச்சம் போட்டிருந்தா அவரு இருந்திருப்பாரா?"

எனக்கு விடை தெரியும். அதாவது, விடை இல்லை என்று தெரியும். நூறு பேருக்குச் சொல்லலாம், ஒரு ஆளுக்குச் சொல்லமுடியாது. சொல்லவேண்டுமானால் அதே கன்னம், அதே கட்டியோடு இன்னொரு அவர் வேண்டும். ஒருவருக்கு வெளிச்சம் போட்டு, ஒருவருக்குப் போடாமல் விட்டு, பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இருந்தது ஒரே ஒரு ஆள்.

"சும்மா இருக்காத. ஆமான்னு சொல்லு" என்றார் அக்கா. "ஆமான்னு சொன்னா அவரு மேல ஒரு பாட்டம் கோவப்பட்டுத் தீத்துக்குவேன். இல்லன்னு சொன்னாலும் சரி, விதின்னு கெடப்பேன். எதையாவது ஒண்ணச் சொல்லும்மா."

சொல்லியிருக்கலாம். மரத்தடியில் நின்று, ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று அவரிடம் சண்டை போட்டவள்தானே நான். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரியலைக்கா."

அக்கா என்னையே பார்த்தார். கையிலிருந்த கடலையைப் பாயில் போட்டார்.

"நீயுமா?" என்றார்.